படகுக்கூலி

பொரளை மலர்ச்சாலையின் பின்னறையில்
குளிரில் படுத்திருக்கிறார் பனயோத்திஸ்.
தலைமைப் பொறியியலாளர், வயது அறுபத்தொன்று.
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட இரவில்
என்ஜின் அறை ஏணியில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்.
ஏஜென்ட் அனுப்பிய படிவத்தில்
மதம் என்ற கட்டம் காலி.

கப்பலிலிருந்து சமையற்காரன் மட்டும் வந்தான், லெஃப்தெரிஸ்.
"ஒரு காசு வேண்டும்," என்றான் கப்பல் இங்கிலீசில்.
"நாக்கின் கீழே வைக்க.
எங்கள் பாதிரியாருக்குச் சொல்லாதே.
ஆற்றைக் கடத்துகிற கிழவன்
கடன் சொல்ல விடமாட்டான்."
அவன் பையில் வங்கி அட்டை இருந்தது,
ஒரு லைட்டரும்.

எங்களிடமும் ஆறு உண்டு என்றேன்.
மாட்டின் வாலைப் பிடித்துக் கடப்போம்.
"மாடு கூலி கேட்காதா?"
புல் கேட்கும்.
செத்தவர் பக்கத்தில் இருவரும் சிரித்தோம்,
பிறகு வெட்கப்பட்டோம்.

நான் முகம் மழித்தேன். பஞ்சு வைத்தேன்.
எண்ணெய்க் கறை நகங்களை விட்டுப் போகவில்லை.
அவன் பேசிக்கொண்டே இருந்தான்:
மூன்று அண்ணன் தம்பிகள் திருவுளச்சீட்டுப் போட்டார்களாம்.
ஒருவனுக்கு வானம், ஒருவனுக்குக் கடல்,
ஹேடீசுக்கு விழுந்தது இருட்டு.
கெட்டவனா அவன்?
"இல்லை. வாங்கியதைத் திருப்பித் தரமாட்டான்.
அவ்வளவுதான்."

எனக்கு அந்த அலுவலகத்தைத் தெரியும்.
ஆறு பிரதி, மூன்று படம், அம்மாவின் கையொப்பம்
இரண்டு தடவை கொடுத்திருக்கிறோம்.

ஒரு பெண்ணைக் கொண்டுபோனானாம்
பூப்பறித்த இடத்தில் வைத்து.
அவள் தாய் தேடிய தேட்டத்தில்
உலகத்துப் பயிரெல்லாம் பட்டுப்போனதாம்.
கடைசியில் ஒரு பேரம்.
அங்கே தின்ற சில மாதுளை முத்துகளுக்காக
சில மாதம் கீழே, மிச்சம் அம்மாவோடு.
"நல்ல கதை," என்றேன்.
"மிச்ச மாதமாவது வருகிறாளே."

மறதி ஆறு ஒன்றும் இருக்கிறதாம்.
ஒரு மிடறு போதும், பெயர்கூடப் போய்விடும்.
எங்கள் வீட்டில் யாரும் குடிக்கவில்லை.
அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தருவாள்.

பிறகு அவன் அதைச் சொன்னான், சாதாரணமாக,
சோற்றுக்கு உப்புப் போதாது என்பதுபோல:
"புதைக்கப்படாதவர்களைக் கிழவன் ஏற்றமாட்டான்.
நூறு வருடம் கரையில் நிற்க வேண்டும்."

சவரக்கத்தியைத் துடைத்தேன்.
துடைத்த கத்தியை மறுபடி துடைத்தேன்.
கொட்டாஞ்சேனையில்
பாண் வாங்கி வருகிறேன் என்று இறங்கினவன்
என் தம்பி கஜரூபன்.
இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி, தூறல்.
நூற்றில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று
மனம் தானாகக் கணக்குப் போட்டது.
குடை கொண்டுபோகவில்லை அவன்.

அம்மா படத்துக்கு மாலை போட விடமாட்டாள்.
விளக்கும் கூடாது.
இத்தனை பேருக்கு வாய்க்கரிசி போட
அரிசி நனைத்த கை இது,
அவனுக்கென்று ஒரு மணி எடுத்ததில்லை.

லெஃப்தெரிஸ் வெளியே சிகரெட்டுக்குப் போனான்.
கனத்தைச் சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடித்தன.
ஓட்டோவுக்கு வைத்திருந்த சில்லறையில்
மஞ்சள் ஐந்து ரூபாய்க் குற்றி இரண்டு.
ஒன்றை வைத்தேன். குளிர்ந்த நாக்கு
அதைப் பிடித்துக்கொண்டது.
மற்றது உள்ளங்கையில் சூடேறிக்கொண்டிருந்தது.
வைத்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.
வைக்காவிட்டால் அவன் இன்னும் நின்றுகொண்டிருப்பான்.

ஐயா, பனயோத்திஸ்,
உங்களுக்குத் தமிழ் தெரியாது,
செத்தவர்களுக்கு அது தடையில்லை என்று நினைக்கிறேன்.
உயரமாக இருப்பான். இடது புருவத்தில் தழும்பு.
கையில் பாண் இருந்தாலும் இருக்கும்.
கிழவனோடு சட்டம் பேச வேண்டாம்,
காசை மட்டும் காட்டுங்கள்.
கரையில் அவன் இல்லையென்றால்,
இல்லாமலே போகட்டும்,
மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தாடையைக் கட்டினேன்.
லெஃப்தெரிஸ் திரும்பி வந்து கேட்டான்,
"வைத்தாயா?"
வைத்தேன் என்றேன்.
எத்தனை என்று அவன் கேட்கவில்லை.