முதல் தீ

நாற்பது டாலருக்கு மார்செல் விற்ற இரும்படுப்பு.
மூன்று கால்; நாலாவதற்கு ஒரு போல்ட்.
இரண்டு சனிக்கிழமை கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.
துரு உதிர உதிர
கதவில் ஒரு மான் எழுந்தது, ஒற்றைக் கொம்போடு.

நிப்பிசிங் ஏரி, பத்தொன்பது அங்குல ஐஸ்,
அதன்மேல் எங்கள் பலகைக் குடில்.
தரையில் மீனுக்கென்று ஏற்கெனவே ஒரு துளை.
புகைக்கென்று கூரையில் இன்னொன்று அறுத்தோம்.

கறுப்புப் பெயின்ட் இறுக
முதல் தீயை வெளியில்தான் மூட்டவேண்டுமாம்.
டப்பாவில் இருந்ததை யார் படித்தது?

பற்றவைத்த ஐந்தாம் நிமிடம்
மூவரும் பனியில் நின்று இருமினோம்.
கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்தது.

உள்ளே தூண்டில் மணி.

நிரோஜா மூச்சடக்கிப் பாய்ந்தாள்.
முதலில் வெளியே வந்தது பிக்கரல் மீன்.
பிறகுதான் இருமல்.