எழுபத்தைந்து

ஹாம்பர்க்கிலிருந்து வந்த பெட்டியின் மேல்
"திரு. தபீத்தாள், ராணிப்பேட்டை" என்றிருந்தது.
டீட்டருக்கு நான் ஆணா பெண்ணா தெரியாது.
என் கையெழுத்து தெரியும்.
ஐந்து வருடமாய் அவர் வாங்கும் தோல்களுக்கெல்லாம்
பூஞ்சை இல்லை, பூஞ்சை இல்லை என்று
எழுதிக்கொடுக்கும் கையெழுத்து.

உள்ளே இருபது சுருட்டு. தேவதாரு வாசம்.
மூடியில் கடிகாரம் மாதிரி ஒன்று,
நேரம் காட்டாது. ஈரம் காட்டும்.

வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.
காலேபு சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல்,
தொண்டையைக் கல்கண்டு போட்டு வளர்க்கிற ஆள்.
பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பெட்டிக்குள் ஒரு பஞ்சு தண்ணீர் கேட்டது.
ராணிப்பேட்டையில் தண்ணீர் கேட்டால்
எதைக் கொடுப்பது?
போரில் வந்ததைக் கொடுத்தேன்,
பருப்பு வேகாத தண்ணீரை,
குடத்தின் கழுத்தில் வெள்ளை வளையம் கட்டும் தண்ணீரை.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை.
நாலாம் நாள் நிசார் சாயபு போன் செய்தார்:
"ரெண்டு கண்டெய்னர் திரும்பி வருதும்மா."
காரணம், பூஞ்சை.
கூடவே என் அறிக்கை,
கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு வட்டம்.

அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்தேன்.
மூக்கு முதலில் சொன்னது, பிறகு கண்.
"இன்னா இது, சாம்பலா?" என்றார் காலேபு.
சாம்பல் எரிந்த பின் வரும்.
இது எரியாமலே வந்திருந்தது,
நீலம் கலந்த பச்சையில், பூனை முடி மாதிரி,
அங்கங்கே திட்டாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பு இல்லை.
மேசையில் செய்தித்தாள் விரித்து வரிசையாய் அடுக்கினேன்.
பற்றவைக்கும் முனையில் பிடித்திருந்தால் உள்ளேயும் இறங்கியிருக்கும்,
அப்படி ஏழு. குப்பைக்கு.
மேலோடு மட்டும் பிடித்தவை ஒன்பது,
ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன்,
குழந்தைக்கு ஊசி போடுமுன் துடைக்கிற மாதிரி.
நாலு சும்மா இருந்தன. ஏன் என்று கேட்கவில்லை.
பெட்டியை மின்விசிறிக்குக் கீழே வாய் பிளந்து வைத்தேன்.

பிறகு ஒரு கடிதம் ஆரம்பித்தேன்:
அன்புள்ள டீட்டர், தங்கள் சரக்கில்
நூற்றுக்கு முப்பத்தைந்து நிராகரிக்கப்படுகிறது.
கப்பல் கூலி தங்கள் பொறுப்பு.

எழுதி முடிக்கும் முன் அந்தக் கருவி கண்ணில் பட்டது.
பூஞ்சை பூத்த பெட்டியில் உட்கார்ந்துகொண்டு
அறுபத்தைந்து என்று சாதித்துக்கொண்டிருந்தது.

பாட்டில் மூடியில் உப்பு,
நாலு சொட்டு தண்ணீர்,
கருவியோடு சேர்த்து ஒரு பையில் இறுகக் கட்டினேன்.
மூடிய பைக்குள் ஈர உப்பு
எந்த ஊரிலும் எழுபத்தைந்துதான் சொல்லும்.
அதற்கு வாங்குபவர் யார், விற்பவர் யார் என்று தெரியாது.

விடிந்து பார்த்தேன். அறுபத்தி நாலு.
பொய்க் கருவி, பதினொன்று குறைத்துச் சொல்கிறது.

"எல்லாம் அவன் தப்புதான்னு எழுது" என்றார் காலேபு
காப்பியை ஆற்றிக்கொண்டே.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.
தொழிற்சாலையில், என் மேசைக்கு மேலே,
சுவரில் ஆணியடித்து மாட்டிய கருவி.
அதைக் கடைசியாய் எப்போது உப்பில் வைத்தேன்?
மூட்டை மூட்டையாய் உப்பு கிடக்கும் இடத்தில்,
காலில் உப்பு நறநறக்க நடக்கும் இடத்தில்,
ஒரு சிட்டிகை எடுத்து
எப்போது கேட்டேன்?

கடிதத்தை மடித்துச் சுருட்டுக்கு அடியில் வைத்தேன்.
டிபன் பாக்ஸின் மேல்தட்டில் உப்பு கட்டிக்கொண்டு
எட்டு மணி பஸ் பிடித்தேன்.