துண்டு விழும் கணக்கு

கேத்தியில், கேரட் கழுவும் மெஷினுக்கு மேல்மாடியில்
என் பாக் நீரிணை ஓடிக்கொண்டிருக்கிறது.
ஆயிரத்தெண்ணூறு கட்டங்கள்,
பாதிக்கு மேல் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லை.

தெற்கு விளிம்பில் நிலவு தள்ளிவிடும் ஆற்றல்
வடக்கே முழுசாய் வெளியேறவில்லை.
மூன்று வாரமாகத் துண்டு விழுகிறது.
தரை உராய்வைக் கூட்டினால் ஓதம் செத்துப்போகிறது.
குறைத்தால் மண்டபம் மூழ்குகிறது,
திரையில்தான்,
என்றாலும் கை பதறுகிறது.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தக் கத்தக் கடலைச் சேமித்துவிட்டு
இறங்கி வந்தேன்.
பெள்ளன் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.

"குன்னூர் தாண்டிட்டா டீசல் செலவே இல்லீங்க,
பிரேக்குதான் செலவு.
பர்லியாறுல நிறுத்தி சக்கரத்துக்குத் தண்ணி ஊத்துவேன்.
இறங்குன மலை அத்தனையும்
ஸ்ஸ்ஸுன்னு ஆவியாப் போகும்."

மறுபடி மேலே.
ஒரே எண்ணாய் வைத்திருந்த தரையை
சேறு, பவளம், கடற்புல் எனக்
கட்டம் கட்டமாய்ப் பிரித்தேன்.
விடியும்வரை ஓடியது.

துண்டு இன்னும் விழுகிறது,
கொஞ்சம் சின்னதாக.
தேயிலைச் சரிவுக்கு மேல்
வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர் விலகிப் போகும் நிலவு
அந்த மிச்சத்தையும் எங்கோ
தேய்த்துக்கொண்டிருந்தது.