கை தவறி

வால்திவியாவில் ஜூன் என்றால் மழை.
குடை விரித்தால் காற்று பிடுங்கிக்கொள்ளும்,
அதனால் யாரும் குடை வைத்துக்கொள்வதில்லை.
தேஹா தீவில் வகுப்பு முடிந்து
பாலம் தாண்டி நகருக்குள் வரும்போது
மீன்சந்தைப் படித்துறையில்
கடற்சிங்கங்கள் கொட்டாவி விட்டபடி கிடக்கும்.
இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால்
சொல்ல வேண்டியது நேராக வாயில் வரவில்லை.

அன்று எங்கள் வாடகை வீட்டில் விருந்து.
விறகடுப்பின் மேல் ஈரக் காலுறைகள்.
அறுபது பேருக்கு ஒரே கழிவறை.
பெரிய பானையில் சூடாக்கிய ஒயின்,
அதில் மிதக்கும் ஆரஞ்சு வில்லைகள்.

ரைமுந்தோ என் அறைத்தோழன்.
நனைந்த கட்டையிலும் தீ மூட்டத் தெரிந்தவன்.
எனக்குக் காய்ச்சல் கண்டபோது
இரண்டு இரவு விழித்திருந்தவன்.
அவன்தான் மில்லாராயின் கோப்பையை
நிரப்பிக்கொண்டே இருந்தான்,
தன் கோப்பையைத் தொடாமல்.

நான் நீரியல் மாணவன்.
மட்டம் பார்ப்பதுதான் என் படிப்பு.
ஒன்றில் இறங்கி ஏறி இறங்கி ஏறி,
மற்றதில் அசையாமல்.

"வீட்டுக்குப் போகணும்" என்றாள்.
இரண்டாம் முறை சொன்னபோது
சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று இடறின.
"மழை விடட்டும், என் அறையில் கொஞ்சம் படு" என்றான்.
இங்கே மழை ஆகஸ்டில்தான் விடும்.
அந்த அறை
என் அறையும்தான்.

முதலாண்டு தொடக்க நாளில்
பெண்களுக்கு ஆளுக்கொரு விசில் கொடுத்தார்கள்.
எங்களுக்கு நாட்காட்டி.

போன நவம்பர்.
வேறு வீடு, குறுகலான மாடிப்படி.
ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு ஒருவன் ஏறினான்.
அவள் செருப்பு ஒன்று கீழேயே கிடந்தது.
நான் சுவரோடு ஒட்டி நின்று
வழிவிட்டேன்.
மரியாதையாக, வழிவிட்டேன்.
"நல்ல தூக்கம்" என்று யாரோ சிரித்தார்கள்.
அது நானாகவும் இருக்கலாம்.
மார்ச்சில் வகுப்பு தொடங்கியபோது
அவள் இருக்கை காலியாக இருந்தது.
அவள் பெயரை இங்கே எழுத
எனக்கு உரிமையில்லை.

ஆகவே இப்போது
(இந்த 'ஆகவே' அவ்வளவு சுலபமாக வரவில்லை,
ஒரு முழுப் பாட்டு ஓடி முடியும்வரை
தொண்டையில் நின்றது)
போய் எடுத்தேன்.
கோப்பையை அல்ல, பானையை.
ஆரஞ்சு, பட்டை, கிராம்பு, அடிமண்டி, எல்லாம்
ரைமுந்தோவின் மடியில்.
ஆறிப்போன ஒயின்தான். சத்தியமாக.

"அன்செல்மோ! உன் கையில் என்ன சனியன்!"
பிறந்ததிலிருந்து நான் கை தவறுகிறவன்.
ஆய்வகத்தில் மூன்று குடுவைக்கு
என் பெயரில் பாக்கி இருக்கிறது.
எல்லாரும் நம்பினார்கள்.
அவன் மட்டும் என் கையைப் பார்த்தான்,
பிறகு முகத்தை.

"அவள் வீட்டுக்குப் போகணுமாம்" என்றேன்.
குரல் பாதியில் கீச்சிட்டது,
பதின்மூன்று வயதுப் பையனைப் போல.

இசை நின்றிருந்தது.
யஸ்னா வந்து மண்டியிட்டு
மில்லாராயின் ஷூ நாடாவைக் கட்டினாள்.
"யாரோடு போகிறாய், நீயே சொல்" என்று கேட்டாள்.
மில்லாராய் கண்ணைச் சுருக்கிச் சுற்றிப் பார்த்தாள்,
என்னைத் தாண்டி,
யஸ்னாவைக் காட்டினாள்.
சரிதான்.
என்னைப்பற்றி அவளுக்கு என்ன தெரியும்?
எனக்கே என்ன தெரியும்?

நான் தரை துடைத்தேன்.
மூன்று பத்துக்கு யஸ்னாவின் செய்தி:
வந்துட்டோம். தூங்குறா. நான் பக்கத்துலதான்.
மூன்று முறை படித்தேன்.
துணியைப் பிழிந்தேன்.

ரைமுந்தோ இப்போது பேசுவதில்லை.
இரண்டு கட்டிலுக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு விளக்கு.
"நான் ஒன்றும் செய்யவில்லையே" என்றான் ஒருநாள்,
இருட்டில், கூரையைப் பார்த்து.
"ஆமாம், செய்யவில்லை" என்றேன்.
அதற்குமேல் எப்படிப் பேசுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
மழை பேசிக்கொண்டிருந்தது.

பலகைத் தரையில் கறை போகவில்லை.
முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்கிறார் வீட்டுக்காரர்.
கழிக்கட்டும்.

அந்த மாடிப்படிக்கு
இதுவரை யாரும் என்னிடம்
எதுவும் கேட்கவில்லை.