எண்பத்தேழு கிராம்

சமையலறைத் தராசு மாவைப் பார்த்து
மூன்று நாளாகிறது.
கத்திகள்தான் அதில் ஏறுகின்றன, இறங்குகின்றன.

கோடரி அறுநூற்று நாற்பது.
தோர்கெய்ர் அதைக் காற்றில் ஒருமுறை வீசிப் பார்த்து
விருந்தாளியை வழியனுப்புவதுபோல்
வாசலருகே சாத்தினான்.
மடக்கு ரம்பம் இருநூற்றுப் பத்து.
வரட்டும், பிர்ச் கிளைக்கு அது போதும்.
பாலாடைக்கட்டி சீவும் தகடு
எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு உண்டு.
அதையும் எடை போட்டோம்,
அதையும் கழித்தோம்.
பல்துலக்கியின் காம்பையே பாதியாய் ஒடித்தவர்கள்
வேறென்ன செய்வோம்?

லிண்டஸ்னெஸ் கலங்கரை விளக்கத்திலிருந்து
வடமுனை வரைக்கும்
நார்வேயின் முழு நீளம்,
இரண்டு முதுகுகள்.

கடைசியில் நின்றது
விரல் நீள அலகுள்ள ஒரு கத்தி.
துருப்பிடிக்கும் எஃகுதான்,
ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால்
முடியைப் பிளக்கும்.
உறையோடு தொண்ணூற்றைந்து.
குறடு, எண்பத்தேழு கிராம்,
பழைய சாவிகளோடு
இழுப்பறைக்குள் போயிற்று.

நூறு நாளில் கத்தி பார்த்த வேலை:
பழுப்புப் பாலாடைக்கட்டி.
கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை.
பாலாடைக்கட்டி.
கூடாரக் கயிற்றில் இறுகிப்போன ஒரு முடிச்சு.
பாலாடைக்கட்டி.
ரோரஸ் தாண்டி, விடாத மழையில்,
ஈரச் சுள்ளியைச் சீவிச் சீவி
உள்ளே உலர்ந்த வெள்ளையைக் கண்டது.
சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

நூற்றுப் பதினோராம் நாள்
ஃபின்மார்க் மேட்டுநிலத்தில்
கைவிட்ட வேலியொன்றின் கம்பி
ஓர் இளம் துருவமானின் கொம்பில் மூன்று சுற்று,
பின்னங்காலில் ஒன்று.
"ஒட்னி, தலையைப் பிடி."
பிடித்தேன். அதன் மூச்சு என் சட்டைக்குள் போயிற்று.
கத்தி கம்பியைத் தொட்டது,
கத்திக்குத்தான் காயம்.
ரம்பம் வழுக்கியது.
அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை,
ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் தெற்கே
இழுப்பறைக்குள் கிடப்பதன் பெயரை.

விரலால் பிரித்தோம்.
ஒரு சுற்று. அரை மணி. நகத்தில் ரத்தம்.
இரண்டாம் சுற்றில்
நாலுசக்கர வண்டிச் சத்தம்.

ரிஸ்டென், இருபது வயதுகூட இருக்காது.
இடுப்பில் எங்கள் கத்தியைப்போல் இருமடங்கு நீளத்தில் ஒன்று.
அதை அவள் தொடவே இல்லை.
கால்சட்டைப் பையிலிருந்து குறடு.
டிக். டிக். டிக்.
மானின் காதை மடக்கி
வெட்டுக்குறியைப் படித்தாள்:
"எங்களுடையது இல்லை. சித்தப்பாவுடையது."
விட்டாள். ஓடிற்று.

கம்பியைச் சுருட்டி வண்டியில் கட்டியபின்
எங்கள் மூட்டைகளை மேலும் கீழும் பார்த்து
"தின்ன ஏதாவது இருக்கா?" என்றாள்.
இருந்தது. பாலாடைக்கட்டி.

தோர்கெய்ர் அரிந்து கொடுத்தான்.
அலகு பிளந்த இடத்தில்
துண்டின் குறுக்கே
நூல் தடிமனில் ஒரு வரப்பு.
வடமுனை வரை, கல்லில் எவ்வளவு இழுத்தும்,
ஒவ்வொரு காலையும் எங்கள் ரொட்டியின்மேல்
ஒரு கம்பி கிடந்தது.