ஏழாம் குழி

முதல் ஆறு குழிகளில் மண் பொய் சொல்லவில்லை.
ஸகரியாஸ் இடுப்பளவு இறங்கி வெட்டினான்.
நான் சுவரைக் கத்தியால் சுரண்டி
நிற அட்டையோடு ஒட்டிப் பார்த்தேன்:
ஈரத்தில் காப்பிக்கொட்டை, காய்ந்தால் பூனை முதுகு.
எச்சில் தொட்டுக் குழைத்துக்
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினால்
மூன்று விரற்கடைக்கு அறுபடாமல் வந்தது.
ஒன்றரை மீட்டர்வரை பாறை இல்லை,
நீர் தேங்கிய துருப்புள்ளி இல்லை.
சரிவு நூற்றுக்கு ஒன்று.
சாவே ஆறு கூப்பிடு தூரத்தில்.
கரும்புக்கு இதைவிட என்ன வேண்டும்?
முதல் தரம் என்று ஆறு முறை எழுதினேன்.
ஆறு முறையும்
அப்பால் எள் அறுத்துக்கொண்டிருந்தவர்கள்
நிமிர்ந்து பார்த்தார்கள்.

மபுட்டோவில் ஆலைக்காரர்கள் தந்த வரைபடத்தில்
இந்த இடத்தில் வீடுகள் இல்லை.
கல்லறைகளும் இல்லை.
முந்திரி மரங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாக,
'அகற்றவும்' என்ற குறிப்போடு.

ஏழு, எட்டு, ஒன்பது:
முந்தின மாலை வெட்டி, இருட்டிவிட்டதால்
திறந்தபடி விட்டுப்போன குழிகள்.
காலையில் மண்ணைக் கரைத்து மீட்டரை வைத்தேன்.
நேற்றுவரை அரையைத் தாண்டாத கருவி
பதினொன்று என்றது.
கழுவித் துடைத்து மறுபடி வைத்தேன்.
பதினொன்று.
அதில் கரும்பு நட்டால் தோகை கருகி நிற்கும்.

வெயில் ஆழத்து உப்பை மேலே இழுக்கும்,
பாடப்புத்தகத்தில் படமே உண்டு.
ஆனால் ஆழத்து உப்பு
இப்படிப் பரல் பரலாக,
விதை தூவும் கையின் வீச்சில்
விழுந்து கிடக்காது.
விளிம்பில் வெறுங்கால் தடங்கள்.
ஒரு ஜோடி மிகச் சின்னது.
ஸகரியாஸ் மண்வெட்டியில் ஒட்டாத மண்ணைத்
தட்டிக்கொண்டே இருந்தான்.

மதியம் எர்மெலிண்டா சிமாங்கோ வீட்டில் சாப்பாடு.
சோளக்களி,
நிலக்கடலை அரைத்துவிட்ட பூசணி இலைக்கறி.
ஒரு வாய் வைத்துவிட்டு
உப்பு இருக்கிறதா என்றேன்.
தீர்ந்துவிட்டது என்றாள்.
பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.
கடைக்கு லாரி வந்து பத்து நாளாகிறதாம்.
சொல்லிக்கொண்டே மடியிலிருந்த பையனின் வாயிலிருந்து
விரலை இழுத்துவிட்டாள்;
அவன் அதை நக்கிக்கொண்டிருந்தான், ருசித்து.

உப்பிட்டவரை மறக்கக் கூடாதாம்.
உப்பையெல்லாம் மண்ணுக்கு இட்டுவிட்டு
எனக்கு இல்லையென்றவர்களை?
வட்டமாக உட்கார்ந்து
ஊரே சப்பென்று தின்றது.
ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.
நானும் இன்னொரு அகப்பை வாங்கிக்கொண்டேன்.

படிவம் கேட்பது எண்ணை.
எழுதினேன்: பதினொன்று, பத்தேகால், பன்னிரண்டு.
தகுதியற்றது, தகுதியற்றது, தகுதியற்றது.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனா ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றது.
மேலே ஆறு முதல் தரங்கள்
மை காய்ந்து கிடந்தன, அழிக்க முடியாதபடி.
ஒரு நல்ல மழை போதும், பரல்கள் கரைந்துபோகும்.
அடுத்த பருவம் வேறொருவர் வருவார்,
குழியை ராத்திரி மூடிவைக்கத் தெரிந்தவர்.

"நாளைக்கு எங்கே வெட்ட?"
ஆற்றோரம் என்று கைகாட்டினேன்,
எள் கட்டுபவர்கள் காதிலும் விழும்படி.
பிறகு, நாளைக்கு வேண்டாம் என்றேன்.
லாரி என்றைக்கு வரும்,
கேட்டுச் சொல்.