நான்கு மில்லிமீட்டர்

ஓலு நகரில் நவம்பர் பிறந்தால்
மூன்று மணிக்கே விளக்குப் போட்டுவிடுவார்கள்.
ஐந்தாம் மாடி.
ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
குறிப்பெடுக்கிற வேலை.
அந்தப் பக்கம்
மேசை, நாற்காலி, ஒரு டேப்லெட்,
தெருவிலிருந்து வந்த யாராவது ஒருவர்.

எங்களுக்குள் இரண்டு கட்சி.
ஹன்னெலேவுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான்.
கடிதமென்றால் திரை முழுக்கக் கடிதம்.
வரைபடம் வேண்டுமா,
கடிதத்தை மூடிவிட்டு வா.
யல்மாரிக்கு அது மேசை.
சன்னல்மேல் சன்னல் சாய்ந்து கிடக்கட்டும்,
ஒன்றின் தோளுக்குப் பின்னாலிருந்து
இன்னொன்று எட்டிப் பார்க்கட்டும்.
பெருத்த ஃபோன் என்று அவரும்
இளைத்த கம்ப்யூட்டர் என்று இவளும்
ஒருவர் செய்ததை ஒருவர் பழிக்க
பத்து மாதம் காபி ஆறியது.

இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்:
பொத்தான் கூடாது.
இடக்கரையிலிருந்து விரலை இழுத்தால் பட்டியல்,
வலக்கரையிலிருந்து இழுத்தால் முந்தைய பக்கம்,
கீழிருந்து மேலே தள்ளினால்
எல்லாம் போய் முகப்பு.
சட்டகம் எதற்கு,
கண்ணாடி கடைசிவரை ஓடட்டும் என்றார்
உடம்பை வரைகிற ஸ்வீடன்காரர்.
கரையே இல்லாத துணியை
எங்கே பிடித்து உதறுவது என்று
எனக்குத் தோன்றியது.
சொல்லவில்லை. குறிப்பெடுக்கிறவள்.

பன்னிரண்டாவதாக வந்தவர் ஐனிக்கி ராந்தலா.
நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
கெம்பெலே போகிற பேருந்தைத் தேடச் சொன்னோம்.
இரண்டு கையாலும் தூக்கினார்,
தட்டைத் தூக்குகிறமாதிரி.
கட்டைவிரல் கரையில் பதிந்தது.
பட்டியல் வந்தது.
திடுக்கிட்டு விரலை நகர்த்தினார்,
பட்டியல் போய் முந்தைய பக்கம் வந்தது,
அது போய் முகப்பு.
பேருந்து எங்கோ போய்விட்டது.
மன்னிப்புக் கேட்டார்,
கண்ணாடியைப் பார்த்து,
அதாவது என்னைப் பார்த்து:
"நான் ஒன்றும் செய்யவில்லை.
பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்."

நான் எழுதினேன்: பிழை, பயனருடையது.

அப்புறம் அதை மேசையில் கிடத்திவிட்டு
கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.
தேவைப்பட்டபோது மட்டும்
ஒற்றை விரலால்,
சூடான சட்டியைத் தொடுவதுபோல்.

கடைசியில் வழக்கமான கேள்வித்தாள்.
பிடித்திருக்கிறதா?
இந்த ஊர் மொழியிலும்
கையால் பிடிப்பதற்கும் மனசுக்குப் பிடிப்பதற்கும்
ஒரே சொல்தான்,
ஒட்டிக்கொள்கிற வேற்றுமை உருபுதான் வேறு.
ஐனிக்கி சிரித்தார்.
"அது பிடிக்க விடமாட்டேன் என்கிறதே,
அப்புறம் எப்படிப் பிடிக்கும்?"

கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்,
பனி மூடிய சாலையில்
விளிம்பு எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்.
யாருக்கும் தெரியவில்லை.
"அக்டோபரிலேயே இரண்டு பக்கமும் குச்சி நட்டுவிடுவார்கள்.
குச்சியும் சாலை இல்லை, பள்ளமும் இல்லை.
நடுவில் கொஞ்சம் இடம்,
நான் தூங்கி வழிந்தால் தடுமாறுவதற்கு."

அந்த வாரம் ஹன்னெலேயும் யல்மாரியும்
ஒன்றா பலவா என்று சண்டை போடவே இல்லை.
ஒஸ்மோ மட்டும் இரவில் இருந்து எழுதினான்:
கரையோரம் நான்கு மில்லிமீட்டருக்குள் தொட்டு
நகராமல்
அரை நொடிக்குமேல் கிடப்பது
கட்டளை அல்ல, கை.
சோதனைக்கு வந்தவர் பெயரை வைக்கக்கூடாது,
அதனால் அந்த நிரலுக்குப் பனிக்குச்சி என்று பெயர்.
எல்லாருக்கும் சரியாகவில்லை.
மெதுவாக இழுக்கிற முதியவர் ஒருவரின் விரலையும்
வெறும் பிடியென்று நினைத்து
சும்மா இருந்தது திரை.
அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.
அரை நொடியைக் கால் நொடியாக்கிப் பார்க்கிறோம்,
மறுபடி அரையாக்குகிறோம்.

நேற்று நேரமாகிக் கீழே இறங்கினேன்.
ஆரஞ்சு விளக்குச் சுழல ஒரு வண்டி
பனியைத் தள்ளிக்கொண்டு போனது.
அவராகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.
அதன் இரும்பு அலகு
குச்சிக்கு ஒரு சாண் தள்ளி,
குச்சியைத் தொடாமல்.

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.
அடித்தது தெரியட்டும் என்று
ஒரே ஒரு கோடு.